ஓட்டவும் ஒட்டவும்

(திருச்சியில் ஒரு கிளை நூலகத்தின் வாசகர் வட்டக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



மேசையில் பூச்சாடி இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பேசின் தண்ணீர் இருக்கிறது. பக்கத்தில் சைக்கிள் சக்கரம், டியூப், உப்புத்தாள், சொல்யூஷன். தலைவர் ஐயா தம் வெள்ளை வேட்டியை மெல்ல ஒதுக்கிக்கொண்டதைக் கவனித்தேன். பயம் வேண்டாம் ஐயா, தெளிக்காமல் பார்த்துக்கொள்கிறேன்.

வேலைக்குச் சைக்கிளில் போகிறவருக்கு நடுவழியில் பஞ்சர் ஆனால் என்ன செய்வது என்பதுதான் இன்றைய பேச்சு. அழைப்பிதழைப் பார்த்த நண்பர் ஒருவர், “இதுக்கெல்லாம் ஒரு சொற்பொழிவா? கடைக்குத் தள்ளிக்கிட்டுப் போக வேண்டியதுதானே?” என்றார். முப்பது வருஷத்துக்கு முன்னால் அந்தப் பதில் போதும். தெருமுனை தவறாமல் ஒரு சைக்கிள் கடை இருந்தது. இன்று தள்ளிக்கொண்டு எங்கே போவது?

நான் திருவானைக்காவலில் குடியிருக்கிறேன். வேலை கண்டோன்மெண்ட்டில். ஏழெட்டு கிலோமீட்டர் தூரம். மாம்பழச் சாலை தாண்டிக் காவிரிப் பாலம் ஏறிவிட்டால் அந்தக் கரை சேரும்வரை நிழலும் கிடையாது, கடையும் கிடையாது. இரண்டு வருஷத்துக்கு முன்பு ஓர் ஆடி மாதக் காலை. ஆற்றில் தண்ணீர், எதிரில் காற்று. பாலத்தின் நடுவில் சைக்கிள் திடீரென்று கனத்தது. எதிர்க்காற்றுதான் என்று நினைத்துக் குனிந்து மிதித்தேன். பஞ்சர் ஆனது காதுக்குத் தெரிவதற்கு முன்னால் முதுகுக்குத் தெரிந்துவிடும். பாலத்தின் ஒவ்வோர் இணைப்பும் ‘தடக்’ என்று தண்டுவடத்தில் ஏறியது. இறங்கிப் பார்த்தால் பின்டயர் சப்பையாகத் தரையோடு ஒட்டிக் கிடந்தது.

சிந்தாமணிப் பக்கம் இறங்கினால் எனக்குத் தெரிந்த ஒரு சைக்கிள் கடை உண்டு. தள்ளிக்கொண்டு போனேன். அந்த இடத்தில் செல்போன் ரீசார்ஜ் கடை இருந்தது. கொஞ்சம் தள்ளி டூவீலர் பஞ்சர் கடை. “சைக்கிளா? டியூப்லெஸ்தான் பாக்கறோம். அதுக்கு ஆள் இல்ல சார்” என்றார் அங்கிருந்த பையன். வேலைக்கு ஐம்பது நிமிஷம் தாமதம். “பஞ்சர் சார்” என்றேன். மேலதிகாரி சிரித்தார். பள்ளிக்கூட நாளில் அவரும் அதே சாக்கைச் சொல்லித் தப்பித்தவர் என்று அந்தச் சிரிப்பிலேயே தெரிந்தது.

அன்று ராத்திரி ரோஷத்தோடு நானே ஒட்டினேன். காலையில் கிளம்பி மாம்பழச் சாலை வருவதற்குள் மறுபடியும் சப்பை. ஒட்டியது சரியில்லை என்று இன்னொரு முறை ஒட்டினேன். அதுவும் ஒரு நாள்தான் தாங்கியது. ஞாயிற்றுக்கிழமை எங்கள் பகுதியில் மிச்சமிருக்கும் ஒரே சைக்கிள் கடைக்குப் போனேன். கடைக்காரர் பாய்க்கு எழுபது வயதுக்கு மேல். முன்பு அவர் கடையில் வரிசையாக வாடகை சைக்கிள் நிற்கும். நோட்டில் பெயரும் நேரமும் எழுதிவிட்டு எடுத்துப்போவோம். குரங்கு பெடல் போட்டுக் கற்றுக்கொண்டு முட்டியைப் பெயர்த்துக்கொண்டதெல்லாம் அந்தச் சைக்கிள்களில்தான். ஓவராயில் பண்ணுவது, கோட்டம் எடுப்பது, பால்ரஸ் மாற்றுவது எல்லாம் அவர் ஒருவரே.

பாய் டியூபை வெளியே இழுத்து, என் இரண்டு ஒட்டையும் பார்த்தார். ஒட்டு நன்றாகத்தான் இருந்தது. மூன்றாவது ஓட்டை அவற்றுக்குப் பக்கத்திலேயே இருந்தது.

“தம்பி, ஓட்டையை அடைச்சிட்டீங்க. முள்ளு எங்க?”

டயருக்குள் கையை விட்டுத் தடவிக்கொண்டே வந்தவர் ஓரிடத்தில் நின்றார். குறட்டால் எதையோ பிடித்து இழுத்தார். அரை அரிசி நீளத்தில் கறுப்பாக ஒரு முனை. சீமைக் கருவேல முள். “இத உள்ள வெச்சுக்கிட்டு நீங்க எத்தன தடவ ஒட்டினாலும் எனக்குத்தான் வரும்படி” என்றார். பஞ்சர் டியூபில் தெரிகிறது. அதற்குக் காரணம் டயரில் உட்கார்ந்திருக்கிறது. அன்று கற்ற பாடம் அதுதான்.

சரி, டயருக்குள் இருக்கும் காற்று என்ன வேலை செய்கிறது? சைக்கிளும் ஆளும் சேர்ந்து 80 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். பின்சக்கரத்தின் பங்கு ஏறக்குறைய 50 கிலோ. டியூபில் காற்றழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 3 கிலோ இருக்கட்டும். மீட்டர் வைத்த பம்பில் அது 43 பவுண்டு என்று காட்டும். 50 கிலோவை 3 கிலோ அழுத்தம் தாங்க வேண்டுமானால், டயர் தரையைத் தொடும் பரப்பு 17 சதுர சென்டிமீட்டர். ஒரு தீப்பெட்டியின் முகம்! அந்தத் தீப்பெட்டி அளவு இடத்தில்தான் நாம் தினமும் காவிரியைக் கடக்கிறோம். அழுத்தம் பாதியானால் தீப்பெட்டி ஏறக்குறைய இரண்டாகிவிடும். மிதிக்கக் கனக்கும். குழியில் விழுந்தால் டயர் முழுக்க நசுங்கி, ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவில் டியூப் மாட்டிக்கொள்ளும். அப்போது பக்கத்துப் பக்கத்தில் இரண்டு ஓட்டை விழும், பாம்பு கடித்த மாதிரி. அந்தப் பஞ்சருக்கு முள்ளைத் தேடிப் பயனில்லை. காற்றைக் குறைவாக வைத்திருந்த நம்மைத்தான் தேட வேண்டும்.

ஓட்டை விழுந்த இடத்தைப் பார்த்தே காரணத்தைச் சொல்லிவிடலாம். டியூபின் வெளிப்புறத்தில் ஒரே ஓட்டை என்றால் முள், ஆணி, கண்ணாடி. உட்புறத்தில், அதாவது ரிம் பக்கம் ஓட்டை என்றால் ஸ்போக்ஸ் கம்பியின் முனை குத்தியிருக்கிறது. ரிம்முக்குள் சுற்றியிருக்கும் ரப்பர்ப் பட்டை விலகியிருக்கும், அதைச் சரிசெய்ய வேண்டும். வால்வின் அடியிலேயே கிழிந்திருந்தால் ஒட்ட முடியாது. டியூபை மாற்றிவிட வேண்டியதுதான்.

முள் என்றதும் நெருஞ்சியையும் சொல்லிவிடுகிறேன். சாலை ஓரத்து மண்ணில் தரையோடு படர்ந்து மஞ்சளாகப் பூத்திருக்கும். கண்ணுக்கு இனிய அந்தப் பூ பிறகு முள்ளாக மாறுவதைக் குறுந்தொகையில் அள்ளூர் நன்முல்லையார் காதலனின் மனமாற்றத்துக்கு உவமையாக்கினார். வள்ளுவரின் காதலிக்கு அனிச்சமும் அன்னத்தின் இறகும்கூடக் காலில் நெருஞ்சிப் பழமாகக் குத்தின. அதே செடி கடல் கடந்து அமெரிக்கா போய் அங்கேயும் படர்ந்தது. அந்த ஊர்க்காரர்கள் அதற்கு வைத்த பெயரைத் தமிழில் சொன்னால் ‘பஞ்சர்க் கொடி’. நம் புலவர்களுக்கு அது காலைக் குத்தியது, அவர்களுக்குச் சைக்கிளைக் குத்தியது. லாரிக்கு ஒதுங்கி மண்ணில் இறங்கும்போது அந்த மஞ்சள் பூவைப் பார்த்தால் இறங்கித் தள்ளுங்கள்.

இனி, நடுவழியில் பஞ்சர் ஆகிவிட்டது. என்ன செய்வது? முதலில் இறங்க வேண்டும். ‘கொஞ்ச தூரம்தானே’ என்று உட்கார்ந்து மிதித்தால் ரிம்மின் விளிம்பு டியூபை நார்நாராகக் கிழித்துவிடும். ஒரு ஒட்டில் முடிய வேண்டியது புது டியூபில், சில சமயம் புது டயரில் போய் நிற்கும்.

இறங்கியதும் டயரைக் கழற்றாதீர்கள். வால்வைப் பாருங்கள். நம் ஊர்க் கறுப்புச் சைக்கிளில் வால்வுக்குள் ஒரு மெல்லிய ரப்பர்க் குழாய் மாட்டியிருக்கும். வால்டியூப் என்போம். வால்வு டியூப் என்பதுதான் அப்படிச் சுருங்கியது. சின்ன வயதில் இந்தப் பெயரைக் கேட்டுவிட்டுச் சைக்கிளுக்கு வால் எங்கே என்று தேடியிருக்கிறேன். அந்தச் சின்ன ரப்பர் வெயிலில் வெடித்தால் காற்று இறங்கிவிடும். கொஞ்சம் காற்றடித்துவிட்டு, விரலில் எச்சில் தொட்டு வால்வின் வாயில் வையுங்கள். குமிழி வந்தால் உங்களுக்குப் பஞ்சரே இல்லை. வால்டியூபை மாற்றிக் காற்றடித்தால் கிளம்பிவிடலாம்.

குமிழி வரவில்லையா? அப்போது டயரைத் திறக்க வேண்டும். இதற்குச் சக்கரத்தையே கழற்ற வேண்டும் என்று நினைத்துப் பலர் மலைத்துப்போகிறார்கள். செயின், பிரேக், நட்டு என்று நூறு பயம். ஒட்டுவதற்குச் சக்கரத்தைக் கழற்றத் தேவையே இல்லை. பாய் ஒருநாளும் கழற்றியதில்லை. சைக்கிளைப் படுக்க வைத்து, டயரின் ஒரு பக்க விளிம்பை மட்டும் ரிம்மிலிருந்து நெம்பி வெளியே எடுத்து, டியூபை உருவினால் போதும். வால்வுக்கு எதிர்ப்பக்கத்தில் நெம்ப ஆரம்பியுங்கள். இரண்டு லீவர் வேண்டும். ஸ்க்ரூடிரைவர் மட்டும் வேண்டாம், அது இன்னொரு ஓட்டை போட்டுக் கொடுத்துவிடும்.

இனி கையிலேயே செய்து காட்டுகிறேன். நேற்று என் சைக்கிளில் பஞ்சரான சக்கரம் இது. டியூபை மட்டும் உருவி வைத்திருக்கிறேன். காற்றடிக்கிறேன். கன்னத்துக்குப் பக்கத்தில் வைத்துச் சுற்றிக்கொண்டே வந்தால் ஓரிடத்தில் சில்லென்று படும். சாலையில் தண்ணீர் கிடைக்காதபோது இதுதான் வழி. இப்போது பேசின் இருக்கிறது. முக்குகிறேன். முன்வரிசைக்குத் தெரிகிறதா? பொடிப்பொடியாகக் குமிழி வரிசை கட்டி ஏறுகிறது பாருங்கள். அங்கே பால்பாயிண்ட் பேனாவால் ஒரு பெருக்கல் குறி. ஈரம் போகத் துடைத்து, காற்றை இறக்கி, உப்புத்தாளால் தேய்க்கிறேன். டியூபின் மேலிருக்கும் பொடியும் பழைய படிவும் போய், பளபளப்பு மங்க வேண்டும். இதில் சோம்பினால் மேலே செய்வதெல்லாம் வீண். இப்போது சொல்யூஷன். ஒட்டைவிடப் பெரிய வட்டமாக, மெல்லியதாகப் பூச வேண்டும். கெட்டியாக அப்பினால் பலமாக ஒட்டும் என்பது தப்பு.

பூசியாகிவிட்டது. உடனே ஒட்டக் கூடாது. சொல்யூஷனில் இருக்கும் திரவம் ஆவியாகி, ஈர மினுமினுப்புப் போய், விரலால் தொட்டால் கையோடு வராத நிலைக்கு வர வேண்டும். ஐந்து நிமிஷம் ஆகும். வேலைக்கு நேரமாகிறதே என்ற பதற்றத்தில் இந்த ஐந்து நிமிஷத்தைத்தான் முதலில் திருடுவோம். இங்கே அந்தப் பதற்றம் இல்லை. டியூப் காயட்டும், நான் ஒரு கதை சொல்கிறேன்.

ரப்பரோடு கந்தகம் சேர்த்துச் சூடாக்கினால் அது வெயிலில் இளகாது, குளிரில் வெடிக்காது என்று அமெரிக்கர் சார்லஸ் குட்இயர் கண்டது 1839-ல். காற்றடைத்த டயருக்கு ராபர்ட் வில்லியம் தாம்சன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1845-லேயே காப்புரிமை வாங்கிவிட்டார். குதிரை வண்டிகளில் ஓட்டியும் காட்டினார். ஆனால் சைக்கிள் பரவாத காலம் அது. ஊர் அதை மறந்துபோனது. 1887-ல் பெல்ஃபாஸ்டில் ஜான் பாய்ட் டன்லப் என்ற கால்நடை மருத்துவர், தம் மகனின் மூன்று சக்கர வண்டி கல் தெருவில் குலுங்குவதைப் பார்த்து, சக்கரத்தில் காற்றடைத்த ரப்பர்க் குழாயைச் சுற்றிக் கட்டினார். 1888-ல் காப்புரிமை. தாம்சன் முந்திக்கொண்டது தெரியவந்து பிறகு அது செல்லாமல் போனது என்றாலும், உலகம் உருண்டது டன்லப் டயரில்தான்.

அந்த டயரில் ஒரு தொல்லை. அதை ரிம்மோடு பசை போட்டு ஒட்டியிருப்பார்கள். 1889-ல் பிரான்சில் கிளெர்மோன் ஃபெரான் ஊரில் மிஷலின் சகோதரர்களின் ரப்பர்ப் பட்டறைக்கு ஒரு சைக்கிள்காரர் பஞ்சரோடு வந்து சேர்ந்தார். டயரைப் பிரித்து ஒட்டவே மூன்று மணி நேரம். பசை காய ஒரு ராத்திரி. மறுநாள் காலை எடுவார் மிஷலின் ஆசையாக அதில் ஏறி ஓட்டிப் பார்த்தார். சில நூறு மீட்டரில் காற்று போய்விட்டது! மாம்பழச் சாலையில் எனக்கு நேர்ந்ததுதான் அவருக்கும் நேர்ந்திருக்கிறது. அவர் இரண்டு விஷயங்களைப் புரிந்துகொண்டார். காற்று டயரை இனி யாரும் விடமாட்டார்கள். ஆனால் சாமானியர் கால் மணி நேரத்தில் தானே பஞ்சர் பார்க்க முடிந்தால்தான் அது ஓடும்.

1891-ல் கழற்றி மாட்டக்கூடிய டயரைச் சகோதரர்கள் கொண்டுவந்தார்கள். அதே வருஷம் பாரிசிலிருந்து பிரெஸ்ட் போய்த் திரும்பும், ஏறக்குறைய 1,200 கிலோமீட்டர் பந்தயத்தில் ஷார்ல் டெரோன் அந்த டயரோடு மூன்று நாளுக்குள் வந்து ஜெயித்தார். அடுத்த வருஷம் மிஷலின்களே பாரிசிலிருந்து தங்கள் ஊருக்கு ஒரு பந்தயம் நடத்தினார்கள். வழியில் அவர்களே சாலையில் ஆணிகளைப் போட்டு வைத்தார்கள்! பஞ்சரே ஆகாது என்று காட்ட அவர்கள் நினைக்கவில்லை. பஞ்சர் ஆனால் என்ன, பார்த்துக்கொள்ளலாம் என்று காட்டுவதற்குத்தான் அந்த ஆணிகள். இன்று சைக்கிளில் வேலைக்குப் போகலாமா என்று என்னிடம் கேட்கிறவர்களும் வெயிலைப் பற்றியோ தூரத்தைப் பற்றியோ முதலில் கேட்பதில்லை. “நடுவுல பஞ்சர் ஆச்சுன்னா?” என்றுதான் கேட்கிறார்கள். அவர்களுக்குப் பஞ்சர் ஆகாத டயரை என்னால் தர முடியாது. கால் மணி நேரத்தைத் தர முடியும்.

டியூப் காய்ந்துவிட்டது. தொட்டுப் பார்க்கிறேன், கையோடு வரவில்லை. ஒட்டின் அடித்தாளை உரித்து, நடுவிலிருந்து ஓரத்துக்குக் கட்டைவிரலால் அழுத்துகிறேன். பாய் பழைய டியூபில் வட்டமாக வெட்டி, ஓரத்தை அரத்தால் சீவி, சுத்தியலால் நாலு தட்டுத் தட்டுவார். இப்போது ஒட்டு கடையிலேயே தயாராகக் கிடைக்கிறது. மேலே கொஞ்சம் முகப் பவுடர் தூவினால் டயரின் உட்புறத்தில் ஒட்டிக்கொள்ளாது. திரும்ப மாட்டும்போது டயரின் விளிம்பை வால்வு இருக்கும் இடத்தில் கடைசியாக உள்ளே தள்ள வேண்டும். தள்ளியதும் வால்வை ஒருமுறை மேலே அழுத்திவிட்டால் டியூப் விளிம்பில் சிக்காது.

வழியில் இதைச் செய்ய என்னென்ன வேண்டும்? ஒரு சின்னப் பம்பு, இரண்டு லீவர், உப்புத்தாள், சொல்யூஷன், நாலைந்து ஒட்டு, ஒரு வால்டியூப், ஒரு குறடு, பழைய பனியன் துணி. மதிய சாப்பாட்டு டப்பாவைவிடக் கனம் குறைவு. சிந்தாமணியில் காணாமல்போன கடையைப் பையில் போட்டுக்கொண்டு போகிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். வாரம் ஒருமுறை டயரைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்துக் காற்றடித்தால் பாதிப் பஞ்சர் வராது. மழை பெய்த மறுநாள் கூடுதல் கவனம் வேண்டும். ஈர ரப்பரில் கண்ணாடிச் சில்லு சுலபமாக இறங்கும்.

முடிக்கும் முன் இங்கிருந்து 50 கிலோமீட்டர் சொச்சத்தில் இருக்கும் புதுக்கோட்டையை நினைக்க வேண்டும். 1990-களின் தொடக்கத்தில் அங்கே அறிவொளி இயக்கம் நடந்தபோது, ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் எழுத்தறிவோடு சைக்கிளையும் சேர்த்தார். ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றார்கள். கல் குவாரியில் வேலை செய்தவர்களும் அவர்களில் உண்டு. பத்திரிகையாளர் பி. சாய்நாத் அதை எழுதி உலகறியச் செய்தார். 2001-02-ல் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவிகளுக்கென்று தமிழக அரசு தொடங்கிய இலவச சைக்கிள் திட்டம் பிறகு அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளின் பிளஸ் ஒன் மாணவ மாணவியர் எல்லோருக்கும் விரிந்தது. சைக்கிள் வந்தது, ஓட்டவும் வந்தது. ஆனால் எங்கள் தெருவிலேயே மூன்று வீட்டில் அந்தச் சைக்கிள்கள் சப்பை டயரோடு சுவரில் சாய்ந்து நிற்கின்றன. கேட்டால், “பஞ்சர் ஆயிடுச்சு, அப்பாதான் கடைக்கு எடுத்துட்டுப் போகணும்” என்கிறார்கள் பிள்ளைகள். அப்பாவுக்கு நேரமில்லை. கடையும் இல்லை. ஒரு முள், ஒரு பெண்ணின் பள்ளிக்கூடப் பயணத்தையே பஸ்ஸுக்கோ பக்கத்து வீட்டு மாமாவின் வண்டிக்கோ மாற்றிவிடுகிறது. தமிழில் ஓட்டுவதற்கும் ஒட்டுவதற்கும் ஒரு மாத்திரைதான் வித்தியாசம். நாம் பாதியைத்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறோம்.

இப்போது இந்த டியூபைத் தண்ணீரில் முக்குகிறேன். ஒட்டின் மேல் குமிழி இல்லை. முழு டியூபையும் சுற்றிப் பார்க்க வேண்டும். இல்லை, வேறெங்கும் இல்லை. கைதட்டாதீர்கள். நானும் முதல் நாள் இந்த இடத்தில்தான் கைதட்டிக்கொண்டேன்.

பாய் கேட்ட கேள்வி பாக்கி இருக்கிறது. இந்தச் சக்கரத்தின் டயருக்குள் நான் இன்னும் கை விடவில்லை. வேண்டுமென்றேதான் விட்டு வைத்தேன். டயரில் கம்பெனிப் பெயர் எழுதியிருக்கும் இடத்தை எப்போதும் வால்வுக்கு நேராக வைத்து மாட்டுவது என் வழக்கம். டியூபில் ஓட்டை வால்விலிருந்து எத்தனை சாணோ, டயரில் முள்ளும் அந்த எழுத்திலிருந்து அத்தனை சாணில் இருக்கும். இந்தப் பக்கம் இல்லையென்றால் அந்தப் பக்கம்.

முன்வரிசையில், இரட்டைச் சடை போட்ட பாப்பா, நீ மேலே வா. சாண் வைத்து அளந்து பார். ஒன்று, இரண்டு… இரண்டு சாணும் மூன்று விரலுமா? சரி. இப்போது டயரில் அளந்துகொண்டு அந்த இடத்துக்குப் போ. வெறும் விரலை விடாதே அம்மா, கண்ணாடிச் சில்லாகக்கூட இருக்கலாம். இந்தப் பனியன் துணியைச் சுற்றிக்கொண்டு மெதுவாகத் தடவு. துணி எங்கே மாட்டுகிறதோ, அங்கே நிறுத்து.